ஆட்டுப்பால் சோப்பு: புதியவர்கள் செய்யும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

சென்ற மாசி மாதத்தில் ஆய்வின் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். கணக்குகளைப் பார்த்து முடித்து எழுந்த சமயத்தில், பின்கட்டு மூலையில் ஒரு சாக்கு மூட்டை கண்ணிற்பட்டது. இருப்புப் புத்தகத்தில் அதற்குப் பதிவு இல்லை. என்னவென்று காரியதரிசியை விசாரித்தேன். அவர் சற்றுத் தயங்கிப் பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஆடு வளர்க்கும் அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் ஐவர் ஒன்றுசேர்ந்து, ஆட்டுப்பாலில் குளியல் சோப்புச் செய்ய முற்பட்டிருக்கின்றனர். மூன்று ஈடுகளில் 36 கட்டிகள் கிடைத்தன. முதற் கட்டியை வாங்கி உபயோகித்தவர் சங்கத்தில் பாவு ஓட்டும் ஒரு முதிய அம்மாள். இரண்டே நாளில் அவருடைய விரல் நுனிகள் வெடித்து, மூன்று நாட்கள் இழையைத் தொட முடியாமற் போயிற்று. கூலியும் போயிற்று. மீதமிருந்த 35 கட்டிகளையும் குழி தோண்டிப் புதைத்துவிடுவதென்று தீர்மானமாகியிருந்தது. "பால்தான் ஆகவில்லை சார், ஆட்டுப்பால் சோப்புக்கு ஒத்துவராது போலிருக்கிறது" என்றார் காரியதரிசி.

வரவும் செலவும் ஒத்துவராதபோது நாம் பணத்தைக் குறை கூறுவதில்லை. எந்தப் பதிவு தவறு என்று தேடுகிறோம். சோப்பும் அத்தகையதே. அது எண்ணெய்க்கும் காரத்திற்கும் இடையே உள்ள ஒரு கணக்கு. கணக்கு நேரானால் சோப்பு நேராகும். கல்லூரியில் இரசாயனம் படித்தவன் என்ற முறையில், அன்று மாலை அப்பெண்களுடன் அமர்ந்து கண்டறிந்தவற்றையும், முதன்முறை முயல்வோருக்கு நேரக்கூடிய மற்றக் கோளாறுகளையும், அவற்றின் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

சோப்பு உண்டாகும் விதம்

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து இரசாயன மாறுதல் அடைவதால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. கொழுப்பின் அமைப்பைத் தம் ஆராய்ச்சிகளால் தெளிவாக்கி, 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. அதுவரை அனுபவத்தால் மட்டுமே நடந்துவந்த தொழில் அதன்பிறகு கணக்கிட்டுச் செய்யக்கூடியதாயிற்று. நம் நாட்டிலும் கதர் கிராமத் தொழில் கமிஷன் ஊக்கமளித்துவந்த கைத்தொழில்களுள் சோப்புத் தொழிலும் ஒன்று.

காஸ்டிக் சோடா நெசவாளருக்குப் புதிய பொருளன்று. நூலை வேகவைக்கும்போதும், வாட் சாயம் கரைக்கும்போதும் சாயப்பட்டறையில் அது புழங்குகிறது. அது கையில் பட்டால் வழுவழுப்பதையும், பிறகு எரிவதையும் அறியாத பட்டறைக்காரர் இல்லை. அந்த வழுவழுப்பு வேறொன்றுமில்லை. நம் தோலிலுள்ள கொழுப்பே சோப்பாக மாறுவதுதான். சோப்புக் கட்டியில் எண்ணெயோடு சேராத காரம் எஞ்சியிருந்தால், அது உபயோகிப்பவரின் தோலில் அதே வேலையைச் செய்யும். பாவு ஓட்டும் அம்மாளின் விரல்களுக்கு நேர்ந்தது இதுவே.

அளவே முதற் பாடம்

புதியவர்களுக்கு ஏற்ற ஓர் அளவு வருமாறு:

தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம், ஆட்டுப்பால் 300 கிராம்.

தேங்காய் எண்ணெய் கட்டிக்குக் கடினத்தையும் மிகுந்த நுரையையும் தருகிறது. கடலை எண்ணெய் தோலுக்கு மென்மையாக இருக்கிறது. விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்கிறது. ஒவ்வோர் எண்ணெயும் முழுவதும் சோப்பாக மாற வெவ்வேறு அளவு காரத்தை வேண்டுகிறது. 1000 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே எடையுள்ள கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராமும், விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராமும் போதும். இக்கணக்குப்படி மேற்கண்ட கலவைக்கு 159 கிராம் வேண்டும். நாம் 150 கிராமே இடுகிறோம். நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் எஞ்சி நிற்பதே தோலுக்குப் பாதுகாப்பு. வங்கியில் காப்புநிதி வைப்பது போன்றது இது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படும். ஒன்று, ஓர் எண்ணெய்க்குப் பதிலாக மற்றோர் எண்ணெயைக் காரத்தின் அளவை மாற்றாமல் இடக்கூடாது. தேங்காய் எண்ணெய்க்குரிய காரத்தை அதே எடையுள்ள கடலை எண்ணெயில் இட்டால், கிலோவுக்கு 47 கிராம் காரம் சேராமல் எஞ்சும். அது சோப்பன்று, எரிபொருள் போன்ற ஆபத்து. மற்றொன்று, எல்லாவற்றையும் எடையாலேயே அளக்க வேண்டும். எண்ணெயை முகந்து அளப்பது நம் வழக்கம். ஆனால் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ ஆகாது. அது சுமார் 920 கிராமே நிற்கும்.

அன்று அப்பெண்களிடம் அளவுக் குறிப்பு எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் உபயோகித்த பாத்திரங்களையும் தராசையுமே கொண்டுவரச் செய்து, முன்போலவே அளக்கும்படி கேட்டுக்கொண்டேன். அளந்தவற்றைச் சங்கத்தில் நூல் நிறுக்கும் மின்தராசில் மீண்டும் நிறுத்தோம். எண்ணெயை லிட்டர் குவளையால் அளந்திருந்தனர். ஆகவே 80 கிராம் குறைவு. காரத்தைக் காய்கறிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் நிறுத்திருந்தனர். அத்தராசு 20 கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஆகவே 150 கிராம் என்று எண்ணி 160 கிராம் இட்டிருந்தனர். 920 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்கே 146 கிராம் காரம் போதும். எஞ்சிய 14 கிராமில் பாலிலுள்ள கொழுப்பு சிறிதளவு ஏற்றுக்கொள்ளும். மற்றது கட்டிக்குள் தங்கிவிட்டது. பிழை இரண்டும் ஒரே திசையில் நேர்ந்தமையால் காப்புநிதி முழுவதும் கரைந்து, மேலும் கடன் விழுந்தது. பாலின்மீது சுமத்தப்பட்ட பழி தராசினுடையது என்பது அப்போதுதான் அனைவருக்கும் விளங்கிற்று.

ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு இத்தொழிலுக்கு முதல் முதலீடு. காஸ்டிக் சோடாவும் புதியதாக இருத்தல் வேண்டும். திறந்துவைத்த காரம் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வலுவிழந்துவிடும். ஆகவே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

காரத்தைத்தான் திரவத்தில் சிறிது சிறிதாக இட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரையோ பாலையோ ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காரம் அதனை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரமும், கனமான பிளாஸ்டிக் பாத்திரமும் ஏற்றவை. இவற்றைப் பிறகு சமையலுக்கு எடுக்கலாகாது. இரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான திண்ணையில் வேலை செய்வது நலம். காரம் தோலிற் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவ வேண்டும். புளியோ எலுமிச்சைச் சாறோ தேய்த்துக்கொண்டு காலத்தைக் கழிக்கக்கூடாது. கண்ணிற் பட்டால் கழுவியவாறே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பால் பழுப்பாகிக் கருகுதல்

ஆட்டுப்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர். மற்றது கொழுப்பும், புரதமும், பால் சர்க்கரையும், சிறிது உப்புக்களும் ஆகும். தண்ணீரில் காரத்தைக் கரைக்கும்போது கொதிநிலையை நெருங்கும் அளவுக்கு உஷ்ணம் எழும். தண்ணீர் அதைத் தாங்கும், பால் தாங்காது. காரத்திலும் உஷ்ணத்திலும் பால் சர்க்கரை பழுத்து, மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாறும். புரதம் சிதைந்து அம்மோனியா வாடை வீசும். புதியவர்கள் முதன்முதலில் கண்டு அஞ்சும் கோளாறு இதுவே.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள. குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள், நிறுத்த பாலை முதல் நாளிரவே உறையவைத்து, மறுநாள் அந்தப் பாற்கட்டிகளின்மேல் காரத்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கிளற வேண்டும். பாத்திரம் குளிர்ந்த நீருள்ள தொட்டியில் நிற்கட்டும். அவசரப்படாமல் அரைமணி நேரம் செலவிட்டால் பால் வெண்மையோ இளமஞ்சளோ ஆகத் தங்கும். பாலின் கொழுப்பு அப்போதே சோப்பாகத் தொடங்குவதால் கலவை சற்றுத் தடிப்பது இயல்பு. ஆனால் கரையாத காரத் துணுக்குகள் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். ஆதலால் எவர்சில்வர் வடிகட்டியில் வடித்தே எண்ணெயில் சேர்க்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் திரவத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். 150 கிராம் காரத்தை 150 கிராம் தண்ணீரில், குளிர்நீர்த் தொட்டியில் வைத்து, மெதுவாகக் கரைத்து முற்றிலும் ஆறவிட வேண்டும். எஞ்சிய 150 கிராமுக்குப் பாலை எண்ணெயுடன் கலந்துவைத்து, அதில் இந்தக் காரநீரை ஊற்ற வேண்டும். தண்ணீர் காரத்தின் எடைக்குக் குறையக்கூடாது. குறைந்தால் காரம் கரையாது. முதன்முறை முயல்வோருக்கு நான் பரிந்துரைப்பது இவ்வழியையே.

நிறம் பழுத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பழுப்பு நிறம் ஒன்றே குற்றமாகாது. அம்மோனியா வாடையும் உலருங்காலத்தில் நீங்கிவிடும். கலவை திரிந்து, கருகிய வாடை கடுமையாக வீசினால் மட்டும் அதனை நிறுத்திவிட்டு, காரணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கலவை கெட்டியாகாமை

எண்ணெயும் காரப்பாலும் சேர்த்துக் கடையும்போது கலவை முதலில் மோர் போலவும், பிறகு கூழ் போலவும் தடிக்கும். கரண்டியால் மேலே கோலம் இழுத்தால் கோடு அழியாமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். அதுவே அச்சில் ஊற்றும் பதம். மத்தால் கடைந்தால் ஒருமணி நேரமும் ஆகலாம். மின்சாரக் கடைகோலால் சில நிமிஷங்களில் வரும். கடலை எண்ணெய் போன்றவை மிகுந்திருந்தாலும், திரவம் அதிகமானாலும், காரம் பழையதாகி வலுவிழந்திருந்தாலும் பதம் தாமதிக்கும். எடைகள் சரியென்று உறுதியானால் பொறுமையாகக் கடைவதே மருந்து. அவசரத்தில் மேலும் காரம் சேர்ப்பது பெரும் பிழை.

இதற்கு மாறாக, சில வேளை கலவை கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். மிகுந்த உஷ்ணமும், சில வாசனைத் திரவியங்களும் இதற்குக் காரணம். கிராம்பு எண்ணெயும் இலவங்கப்பட்டை எண்ணெயும் கலவையை விரைந்து இறுகச் செய்யும். ஆகவே முதல் இரண்டு மூன்று ஈடுகளை வாசனை சேர்க்காமலே செய்வது நலம். இறுகிவிட்டாலும் தள்ளிவிட வேண்டாம். அச்சில் அழுத்தி நிரப்பினால் போதும். கட்டி அழகாக இராது. ஆனால் சோப்பாக இருக்கும்.

மார்கழிக் குளிரில் வேறொன்று நேரும். தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறைவதால், கலவை குளிர்ந்து தடித்ததைப் பதம் வந்ததாக மயங்குகிறோம். அச்சில் ஊற்றிய பின் எண்ணெய் மேலே மிதக்கும். எண்ணெயை 35 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டால் இம்மயக்கம் நேராது.

நிறத்துக்காக மஞ்சள்தூள் இடுவோர் கலவை சிவப்பதைக் கண்டு திடுக்கிடுவர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பது போன்ற விளைவே இது, பழுதன்று.

அச்சில் நேரும் கோளாறுகள்

அச்சில் ஊற்றிய பிறகும் இரசாயன மாறுதல் நடைபெறுவதால் உஷ்ணம் எழும். பால் சர்க்கரை இவ்வுஷ்ணத்தை மிகுவிக்கும். மற்றச் சோப்புகளைக் கம்பளி போர்த்தி வைப்பதுண்டு. அதைக் கேள்வியுற்று ஆட்டுப்பால் சோப்பையும் போர்த்தினால் நடுவில் பிளந்து, சில வேளை பொங்கியும் வழியும். ஆகவே ஆழமில்லாத சிறு அச்சுகளில் ஊற்றி, போர்த்தாமல், காற்றுப்படும் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அறுக்கும்போது நடுவில் வட்டமாகக் கறுத்த நிறம் காணப்பட்டால், நடுப்பகுதி மட்டும் உஷ்ணமேறியது என்று பொருள். பார்வைக்குக் குறையே தவிர, உபயோகத்துக்குக் கெடுதி இல்லை.

மேலே எண்ணெய்ப் படலமோ, அடியில் நீர் போன்ற திரவமோ, உள்ளே வெண்மையான குழிகளோ காணப்பட்டால் அசட்டையாக இருக்கலாகாது. அத்திரவம் சேராத காரமாக இருக்கக்கூடும். கையுறை அணியாமல் தொடக்கூடாது. வடித்து ஊற்றிவிடவும் கூடாது. வடித்துவிட்டால் எண்ணெய்க்கும் காரத்திற்கும் உள்ள கணக்குக் குலைந்துவிடும். அனைத்தையும் ஒரே பாத்திரத்திற் கூட்டி மீண்டும் கடைய வேண்டும்.

உலருங்காலத்தில் நேர்பவை

ஓரிரு நாளில் அச்சிலிருந்து எடுத்து அறுத்து, நிழலில், காற்றோட்டத்தில், நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும். வெயிலில் காயவைப்பது தவறு. இக்காலத்தில் நீர் வற்றிக் கட்டி இறுகும். உபயோகத்தில் விரைவில் கரைந்துபோகாது. பத்தே நாளில் விநியோகிப்பது தறியில் ஈரப்பாவு ஏற்றுவதற்கு ஒப்பாகும். எனினும் அளவுக்கு மிஞ்சிய காரத்தைக் காலம் போக்கிவிடும் என்று நம்பி இருத்தல் கூடாது.

கட்டியின்மேல் வெண்பொடி பூத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மேற்பரப்பிலுள்ள காரம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து சலவைச் சோடாவாக மாறுவதே அது. ஈரத் துணியால் துடைத்தால் நீங்கும். அச்சில் ஊற்றியவுடன் காற்றுப்படாத வகையில் மேற்பரப்பை ஒரு தாளால் மூடினால் குறையும்.

கட்டி பல வாரமாகியும் களிமண்போல் மெத்தென்று இருந்தால், திரவம் மிகுந்திருக்கலாம். அல்லது காரம் குறைந்திருக்கலாம். முன்னதற்குக் காலமே மருந்து. பின்னதைத் திருத்துவது கடினம். விரலில் எண்ணெய் ஒட்டும். அதனை வீட்டிலேயே விரைவில் உபயோகித்துத் தீர்த்துவிடலாம்.

மழைக்காலத்தில் கட்டி வியர்க்கும். சோப்பிலுள்ள கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் இது நேர்கிறது. துடைத்து, காற்றாட வைத்தால் போதும்.

செம்மஞ்சள் புள்ளிகளும் காறல் வாடையும் தோன்றினால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று அறியலாம். பழைய எண்ணெயும், துருப்பிடித்த இரும்புத் தட்டுகளும், ஈரமும் இதற்குத் துணைபோகின்றன. வடை சுட்டு எஞ்சிய எண்ணெயைச் சோப்புக்குத் தள்ளிவிடும் சிக்கனம் இங்கே நட்டத்தில் முடியும். புள்ளி விழுந்த கட்டிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல சோப்பே ஆயினும், உப்புக் கிணற்று நீரில் நுரை குறைந்து, பாத்திரத்தில் வெண்கசடு படியும். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாப் பொருளாவதே காரணம். மழைநீரில் ஒரு கட்டியைத் தேய்த்துப் பார்த்தால் குறை சோப்பிலா நீரிலா என்பது தெரிந்துவிடும்.

பரிசோதனை

எந்த ஈடும் பரிசோதனையின்றி ஒருவர் கைக்கும் போகலாகாது. பள்ளிக்கூட இரசாயனச் சாலையில் உபயோகிக்கும் பினாப்தலீன் கரைசல் சிறு புட்டியில் கிடைக்கிறது. உலர்ந்த கட்டியைக் குறுக்கே அறுத்து, புதிய முகத்தில் நடுவிலும் ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். நிறமின்றியோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ இருந்தால் நலம். அடர்ந்த ரோஜா நிறம் எழுந்தால் சேராத காரம் எஞ்சியுள்ளது. ஒவ்வோர் ஈட்டிலும் இரண்டு கட்டிகளையாவது இவ்வாறு சோதிக்க வேண்டும். நல்ல சோப்பும் சிறிது காரத்தன்மை உடையதே. ஆகவே சோதனையில் தேறிய கட்டியையும் செய்தவர்களே முதலில் சில நாள் உபயோகித்துப் பார்ப்பது முறை.

கெட்ட ஈட்டைத் திருத்துதல்

அந்த 35 கட்டிகளுக்கு வருவோம். 160 கிராம் காரத்துக்கு, முன் சொன்ன விகிதப்படி, 1067 கிராம் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். இருந்தது 920. ஆகவே ஈடு ஒன்றுக்கு 147 கிராம் எண்ணெய் குறைவு. இதை 150 கிராம் என்று கொண்டோம். கையுறை அணிந்து கட்டிகளைத் துருவி, சிறிது தண்ணீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வேறொரு பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினர். குறைந்த எண்ணெயை அதே மூவகைக் கலவையாகச் சேர்த்து, இரண்டு மணி நேரம் கிளறினர். கேழ்வரகுக் களிபோல் திரண்டதும் அச்சில் அழுத்தினர். நிறம் பழுப்பாயிற்று, மேனி சொரசொரத்தது. ஆறு வாரம் கழித்துச் சோதித்ததில் சிவப்பு எழவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அதே குவளையையும் அதே தராசையும் மூன்று ஈடுகளுக்கும் உபயோகித்திருந்ததால்தான் பிழையின் அளவைக் கண்டுபிடிக்க முடிந்தது. அளவு தெரியாத ஈட்டைத் திருத்த வழியில்லை. அதைப் புதைப்பதே முடிவு. ஆகவே தேதி, ஒவ்வொரு பொருளின் எடை, உஷ்ணநிலை, கடைந்த நேரம், அறுத்த நாள், சோதனை முடிவு ஆகியவற்றை ஈட்டு எண்ணிட்டு எழுதிவைக்க வேண்டும். ஒரு காரியம் நடந்ததற்குப் பதிவு இல்லையென்றால், பிழை நேர்ந்த இடத்தை யாராலும் காட்ட முடியாது.

விற்பனைக்கு முன்

வீட்டு உபயோகத்துக்குச் செய்வது வேறு. விற்பனைக்குச் செய்வது வேறு. குளியல் சோப்பை விற்பனைக்கு உற்பத்தி செய்ய, 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின் கீழும் உரிமம் பெற வேண்டும். கட்டி உலரும்போது எடை குறையும் என்பதால், உறைமேல் குறிக்கும் நிகர எடை உலர்ந்த பின் நிறுத்த எடையாகவே இருத்தல் வேண்டும். ஆட்டுப்பால் சோப்புச் சொறி சிரங்கைத் தீர்க்கும் என்று எழுதுவதும் கூடாது. சோப்பு அழுக்கைப் போக்கும் பொருள், மருந்தன்று. பாலால் நுரை மென்மையாகிறது என்று சொல்வதில் பிழையில்லை. அதற்கு மேற்பட்ட வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு சங்கத்தின் பெயர்மீது விழும்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்துச் சேலம் கருப்பு, கொடி, கன்னி முதலிய ஆடுகள் இறைச்சிக்குப் பெயர்பெற்றவை. பால் மிகுதியாகத் தருபவை அல்ல. குட்டிக்குப் போக எஞ்சியதையே எடுக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 300 கிராம் பால், அல்லது அதில் பாதி, போதுமாதலால் குட்டியின் வயிற்றில் கைவைக்க அவசியமே இல்லை.

திருத்திய கட்டிகளை விற்பதில்லை என்று அப்பெண்கள் தாமே தீர்மானித்தனர். ஐந்து வீடுகளும் அவற்றைப் பகிர்ந்துகொண்டன. நான் மறுமுறை சென்றபோது, சரியான எடையில் செய்த புதிய ஈடு ஒன்று அட்டவணையிட்ட நோட்டுடன் உலர்ந்துகொண்டிருந்தது. சோதனை முடிந்து முதற் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அந்தப் பாவு ஓட்டும் அம்மாள்தான். "நோட்டிலே எழுதியிருக்கிறதல்லவா தம்பி, இனி என்ன பயம்" என்றார். இழையைத் தொட்டுப் பிழைக்கும் விரல்கள் அவருடையவை. அந்த நம்பிக்கைக்கு ஊறு நேராவண்ணம் தராசையும் நோட்டையும் வைத்துக்கொண்டு தொழில் செய்ய வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.